53என் புட்டி: முல்கோவால் சாவுகளும் ஹாஃப்கினின் நான்கு ஆண்டுகளும்

1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் 107 பேருக்கு பிளேக் தடுப்பூசி போட்டார்கள். அவர்களில் 19 பேர் ரணஜன்னி (டெட்டனஸ்) கண்டு இறந்தார்கள். அந்த 19 பேருக்கும் மருந்து எடுத்தது ஒரே புட்டியிலிருந்து. அதன் எண் 53என். வேறு புட்டிகளிலிருந்து போட்டுக்கொண்ட 88 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த நிகழ்வைத்தான். தடுப்பூசி நல்லதா கெட்டதா என்று வாதிட அல்ல. ஒரு விபத்து நடந்தபின் எந்தக் கேள்வியை முதலில் கேட்கிறோம் என்பதில் எத்தனை பேருடைய வாழ்க்கை தொங்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. மருந்தைச் செய்த விஞ்ஞானி ஹாஃப்கின் ஊரறிந்தவர், அவர் பெயரைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஊசி போட்ட மருத்துவர், அவருடைய உதவியாளர், இறந்துபோன கிராமத்தார் ஆகியோரின் பெயர்களை இங்கே எழுதவில்லை. நடந்ததைப் புரிந்துகொள்ள அவை தேவைப்படவில்லை.

பின்னணி: விலங்கியல் படித்தவர் தடுப்பூசிக்கு வந்த வழி

வால்டெமர் ஹாஃப்கின் 1860-இல் கருங்கடல் ஓரத்து ஒடெசாவில் பிறந்த யூதர். படித்தது விலங்கியல், நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வில் பெயர்பெற்ற மெச்னிகோவின் மாணவர். மருத்துவப் பட்டம் இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். ரஷ்யாவில் யூதராக இருந்துகொண்டு பல்கலைக்கழகத்தில் மேலே வர வழியில்லாததால் ஜெனீவா போனார். 1889-இல் பாரிஸில் கிருமி ஆய்வுக்கென்று இருந்த பாஸ்டர் நிலையத்தில் அவருக்குக் கிடைத்தது நூலக வேலை. கிடைத்த நேரத்தில் ஆய்வு செய்தார்.

அங்கேதான் காலரா தடுப்பூசி உருவானது. 1892 ஜூலை 18 அன்று அதை முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு இந்தியா வந்து கல்கத்தாவிலும் வட இந்தியாவிலும் ஊர் ஊராகப் போய்ச் சுமார் 42,000 பேருக்கு ஊசி போட்டார். யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. சேரிகளில் ஒரே வீட்டில், ஒரே தண்ணீர் குடித்தவர்களில் ஊசி போட்டவர் எத்தனை பேர், போடாதவர் எத்தனை பேர், யாருக்கு நோய் வந்தது என்று எண்ணிக் குறித்தார். இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். அந்தக் காலத்தில் தடுப்பூசியை ஒப்பிட்டுப் பார்த்து எடைபோடும் பழக்கமே அப்போதுதான் தொடங்கியிருந்தது.

1896 இலையுதிர்காலத்தில் பம்பாயில் பிளேக் வெடித்தது. அரசு ஹாஃப்கினை அழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சின்ன இடம் கொடுத்தார்கள். மூன்றே மாதம். 1897 ஜனவரி 10 அன்று புதிய பிளேக் தடுப்பூசியை 10 மில்லி தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார், கடும் காய்ச்சல் கண்டது. அந்த மாதக் கடைசியில் பைகுல்லா சிறையில் பிளேக் புகுந்தபோது, தாமாக முன்வந்த கைதிகளுக்குப் போட்டு, போடாதவர்களோடு ஒப்பிட்டார். போட்டவர்களிடையே நோயும் சாவும் குறைவாக இருந்தன.

மருந்து தயாரான விதம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த குற்றச்சாட்டு முழுவதும் இந்தப் படிகளில் ஒன்றைப் பற்றியது.

பிளேக் கிருமியை வளர்க்க இறைச்சி வடிசாறு வேண்டும். மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ என்றால் இங்கே ஊசி போட யாரும் கையை நீட்ட மாட்டார்கள் என்று தெரிந்து, ஹாஃப்கின் ஆட்டிறைச்சியை எடுத்தார். சாற்றின் மேல் சில துளி நெய்யை மிதக்க விட்டார். கிருமிகள் அந்த நெய்த்துளிகளின் அடியைப் பிடித்துக்கொண்டு ஆலம் விழுதுபோலக் கீழ்நோக்கித் தொங்கி வளரும். குடுவையை மெல்லக் குலுக்கினால் விழுதுகள் அறுந்து அடியில் படியும், மேலே புதிதாகத் தொங்கத் தொடங்கும். சில வாரம் இப்படி வளர்த்து, 65 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் வைத்துக் கொல்வார்கள். அதன்பின் 0.5 சதவீதம் கார்பாலிக் அமிலம் என்ற கிருமிநாசினியைச் சேர்த்துப் புட்டிகளில் நிரப்பி மூடுவார்கள்.

இங்கே இரண்டு வேலி இருக்கிறது. சூடு, உள்ளே இருக்கும் பிளேக் கிருமியைக் கொல்லும். கார்பாலிக், பின்னால் வெளியிலிருந்து நுழையக்கூடியதைத் தடுக்கும். இரண்டும் செய்யும் வேலை வேறு வேறு. 1902-இல் பலர் இதைக் குழப்பிக்கொண்டார்கள். இன்றும் மாணவர்கள் குழப்பிக்கொள்வதைப் பார்க்கிறேன்.

1899-இல் ஆய்வகம் பம்பாயின் பரேல் பகுதியில் இருந்த பழைய அரசு மாளிகைக்கு இடம் மாறியது. பிளேக் பஞ்சாபுக்குப் பரவியது. 1902-இல் அந்த மாகாண அரசு பெரிய அளவில் ஊசி போடத் திட்டமிட்டு, பரேல் இதுவரை செய்தறியாத அளவுக்கு மருந்து கேட்டது.

முதல் முடிவு: கார்பாலிக்கை விடுவது

ஹாஃப்கின் கார்பாலிக் அமிலத்தை விட்டுவிட முடிவு செய்தார். சூடு ஒன்றே கிருமியைக் கொல்லப் போதும். பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் அந்த முறை ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தது. கேட்ட அளவுக்கு மருந்து போக வேண்டும், பஞ்சாபில் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதை அவசரப் புத்தி என்று நான் சொல்ல மாட்டேன். மூடிய புட்டிக்குள் இருக்கும் மருந்தைப் பற்றி மட்டும் கேட்டால், அவர் எடுத்த முடிவு அறிவியல்படி சரி. ஆனால் அந்தப் புட்டி மூடியே இருக்கப் போவதில்லை. எங்கோ ஒரு கிராமத்தில், கால்நடை நடமாடும் புழுதித் தரையில், வரிசையில் ஆட்கள் நிற்க, யாரோ ஒருவர் கையால் தக்கை பிடுங்கப்பட்டு, ஒரே புட்டியிலிருந்து பலருக்கு மருந்து போகப் போகிறது. அந்த இடத்துக்கென்று ஒரு தனி நடைமுறை எழுதி, கார்பாலிக்கை எடுத்த கையோடு களத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அக்டோபர் 30: நடந்தது

அன்று 53என் புட்டியைத் திறக்கும்போது உதவியாளர் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்தது. அவர் அதை எடுத்துக் கார்பாலிக் கரைசலில் முக்கிக் கழுவினார். பிறகு அதே இடுக்கியால் தக்கையைப் பிடுங்கினார். அந்தப் புட்டி மருந்து 19 பேருக்குப் போனது.

இந்த நொடியில் சற்று நின்று பார்க்க வேண்டும். ரணஜன்னிக் கிருமி மண்ணில் வாழ்வது, மாட்டுச் சாணத்திலும் குதிரைச் சாணத்திலும் இருப்பது. காய்ந்த மண்ணில் அது விதைபோல ஒரு கெட்டியான உறைக்குள் சுருங்கிக் கிடக்கும். அந்த வித்துகளைக் கார்பாலிக் கரைசல் சில நொடிகளில் ஒன்றும் செய்யாது. மணிக்கணக்கில் ஊறினால்தான் ஏதாவது ஆகும். இடுக்கியின் முனையைச் சுடரில் பிடித்து, சிவக்கும் வரை காட்டி, ஆறவிட்டு எடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். என் மாணவர்களிடம் ஒரு இடுக்கியைக் கொடுத்து இதைச் செய்யச் சொல்வேன். முனை செந்நிறமாக அரை நிமிடம்கூட ஆகாது. ஆறத்தான் நேரம் பிடிக்கும். வரிசையில் நூறு பேர் நிற்கும்போது, அந்த ஆறும் நேரம்தான் மிக நீளமாகத் தெரியும்.

உதவியாளர் கவனமில்லாமல் இருந்தார் என்று சொல்வது நியாயமாகாது. இடுக்கி விழுந்தது, அதை அப்படியே பயன்படுத்தாமல் கிருமிநாசினியில் கழுவினார். அவர் கையில் இருந்த கிருமிநாசினி இந்த ஒரு கிருமியின் வித்துக்குப் போதாது.

கவனிக்கப்பட்டவை

ஊசி போட்ட ஏறத்தாழ ஒரு வாரத்துக்குப் பின்தான் நோய்க்குறி தெரிந்தது. தாடை இறுகுவது, உடம்பு வில்லாக வளைவது. வில்வாதம் என்று நம் முன்னோர் பெயர் வைத்தது இதைப் பார்த்துத்தான். அன்றைக்கு ரணஜன்னிக்குத் தடுப்பூசி கிடையாது. அது வர இன்னும் இருபது ஆண்டுக்கு மேல் ஆனது. பெரிங்கும் கிட்டசாட்டோவும் 1890-இல் கண்ட நச்சுமுறி சீரம் இருந்தது, ஆனால் நோய் முற்றியபின் அது அதிகம் உதவாது, பஞ்சாப் கிராமத்தில் கிடைக்கவும் கிடைக்காது. 19 பேரும் இறந்தார்கள்.

கையில் இருந்த தடயங்கள் இவை: பாதிப்பு ஒரே புட்டியோடு நின்றது. அந்தப் புட்டி பரேலில் பல வாரங்களுக்கு முன்பே நிரப்பப்பட்டது. திறந்தபோது கெட்ட நாற்றம் அடித்ததாக யாரும் சொல்லவில்லை. நோய் மறுநாளே வராமல் வாரம் கழித்து வந்தது. இடுக்கி விழுந்தது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு கதை தெரிகிறது. பரேலில் நிரப்பும்போதே கிருமி புகுந்திருந்தால், காற்றுப் புகாத புட்டிக்குள் இறைச்சிச் சாற்றில் வாரக்கணக்கில் அது செழித்து வளர்ந்திருக்கும். ரணஜன்னிக் கிருமிக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வளர்ந்தால் நாறும், நஞ்சு புட்டிக்குள்ளேயே சேர்ந்திருக்கும். அந்த நஞ்சு நேராக உடம்புக்குள் போயிருந்தால் குறிகள் இன்னும் விரைவாக வந்திருக்கும். ஒரு வாரம் தள்ளி வந்தது, வித்துகள் உடம்புக்குள் போய் முளைத்து நஞ்சு உண்டாக்கிய கணக்கோடு பொருந்துகிறது. ஆக, கிருமி புட்டிக்குள் வந்தது திறந்த அன்றுதான் என்பதற்கே எடை அதிகம்.

இதற்கு நேரெதிரான நிகழ்வு ஓராண்டுக்கு முன் அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸில் நடந்திருந்தது. தொண்டை அடைப்பானுக்கான (டிஃப்தீரியா) சீரம் எடுக்க வைத்திருந்த ஒரு குதிரைக்கு ரணஜன்னி. அதன் இரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தைப் போட்டு 13 குழந்தைகள் இறந்தன. அங்கே நஞ்சு மருந்து செய்த இடத்திலேயே இருந்தது. முல்கோவாலில் இருந்தது வேறு. ஆனால் நோயின் பெயர் ஒன்றாக இருந்தால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று மனம் நினைத்துவிடுகிறது.

இரண்டாவது முடிவு: விசாரணை

அரசு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. பம்பாய் தலைமை நீதிபதி அதற்குத் தலைவர். 1903-இல் குழு சொன்ன முடிவு: புட்டி முல்கோவாலில் திறக்கப்படும் முன்பே கிருமி உள்ளே இருந்தது, பரேலில் நிரப்பும்போது புகுந்திருக்க வேண்டும், கார்பாலிக்கை விட்டது பெரும் பிழை.

குழு ஏன் அந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை யோசித்துப் பார்த்திருக்கிறேன். கார்பாலிக்கை விட்டது காகிதத்தில் இருந்தது. ஒரு பழைய முறை, ஒரு புதிய முறை, அப்புறம் ஒரு விபத்து. மாற்றத்தையும் விபத்தையும் கோடு போட்டு இணைப்பது எளிது. கீழே விழுந்த இடுக்கியோ ஒரு நொடி நடந்த செயல். அதற்குக் காகிதம் இல்லை, ஒரு சாட்சியம்தான் இருந்தது. அப்புறம் இன்னொன்றும் உண்டு. ஹாஃப்கின் ஆங்கிலேயர் அல்ல, மருத்துவர் அல்ல, ரஷ்யாவிலிருந்து வந்த யூதர். இந்தியாவில் இருந்த ஆங்கிலேய மருத்துவ அதிகாரிகள் பலர் அவரை நம்பியதில்லை. ரஷ்ய உளவாளி என்றுகூட ஒரு பேச்சு இருந்தது. இந்த அவநம்பிக்கை தீர்ப்பில் எவ்வளவு கலந்தது என்று எடைபோட முடியாது. கலக்கவே இல்லை என்று நம்ப எனக்கு முடியவில்லை.

குழு இரண்டு கேள்விகளை ஒன்றாக்கிவிட்டது. கிருமி எங்கே நுழைந்தது என்பது ஒரு கேள்வி. எது இருந்திருந்தால் அதைத் தடுத்திருக்கும் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் தேடாமலே இரண்டாவதற்குப் பதில் சொல்லி, அதையே முதலாவதற்கும் பதிலாக வைத்துக்கொண்டார்கள். இரண்டாவது கேள்விக்கு அவர்கள் சொன்ன பதிலும் நிற்காது. 0.5 சதவீதம் கார்பாலிக் கிருமி பெருகாமல் தடுக்கும், வித்தைக் கொல்லாது. இடுக்கியில் ஒட்டியிருந்த வித்து உள்ளே விழுந்து அன்றைக்கே ஊசி வழியாகப் போயிருக்கிறது. கார்பாலிக் இருந்திருந்தாலும் அந்த 19 பேர் பிழைத்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

பின்விளைவு

ஹாஃப்கின் பரேல் இயக்குநர் பொறுப்பை இழந்தார். சம்பளமின்றி விடுப்பில் வைக்கப்பட்டு இங்கிலாந்து போனார். அவர் கண்டுபிடித்த மருந்து பம்பாயிலிருந்து தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. அவர் மட்டும் அங்கே இல்லை.

அந்த ஆண்டுகளில் பஞ்சாபில் பிளேக் உச்சத்தில் இருந்தது. தடுப்பூசி மீது விழுந்த பழியால் எத்தனை பேர் ஊசி வேண்டாமென்று திரும்பிப்போனார்கள், அவர்களில் எத்தனை பேர் பிளேக்கில் இறந்தார்கள் என்று எந்தக் கணக்கும் சொல்லாது. என்னைப் பொறுத்தவரை முல்கோவால் சாவுகளின் தொகை 19-உடன் முடியவில்லை.

லண்டனில் லிஸ்டர் நிலையம் என்ற மருத்துவ ஆய்வு நிறுவனம் ஆதாரங்களை மறுபடி ஆராய்ந்தது. மலேரியா ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற ரொனால்ட் ராஸ் இதைத் தன் சொந்த வழக்குபோல எடுத்துக்கொண்டார். 1907 ஜூலையில் ராஸ், நியூயார்க்கின் சைமன் ஃபிளெக்ஸ்னர் உட்பட அறிஞர்கள் பலர் கையெழுத்திட்ட கடிதம் லண்டன் டைம்ஸ் இதழில் வந்தது. ஹாஃப்கின் மீதான குற்றச்சாட்டு பொய்யென நிறுவப்பட்டுவிட்டது என்பதே அதன் சாரம். பிரான்ஸில் பொய்க் குற்றம் சுமத்தப்பட்ட யூதப் படை அதிகாரி டிரைஃபஸை நினைத்து, ஐரோப்பாவில் இதைக் குட்டி டிரைஃபஸ் வழக்கு என்றார்கள்.

அவர்கள் புதிதாக எந்தச் சோதனையும் செய்து இதை நிரூபிக்கவில்லை. இருந்த சாட்சியங்களையே மறுபடி படித்தார்கள். இடுக்கி விழுந்தது சாட்சியத்தில் பதிவாகியிருந்தது. அது மட்டும் மறைக்கப்பட்டிருந்தால் 1907-இல் யாராலும் எதையும் எடுத்துக்காட்டியிருக்க முடியாது.

அரசு ஹாஃப்கினைத் திரும்ப அழைத்தது. பம்பாய்க்கு அல்ல, கல்கத்தாவுக்கு. அங்கே தடுப்பூசி தயாரிக்க வசதி இல்லை. காலரா தடுப்பூசியை மேம்படுத்தி மக்களிடையே சோதிக்க அவர் கேட்ட அனுமதி கிடைக்கவில்லை. எழுத்து, கோட்பாடு, சிறு ஆய்வுகள் என்று நாட்கள் போயின. 55 வயதில் ஓய்வு பெற்றார். 32 வயதில் தன் உடம்பில் காலரா ஊசி குத்திக்கொண்டவர், 42 வயதுக்குப்பின் பெரிதாக எதையும் செய்ய விடப்படவில்லை. குற்றமற்றவர் என்று காகிதத்தில் எழுதிக்கொடுத்தார்கள். வேலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

1897 முதல் 1925 வரை பம்பாயிலிருந்து 2 கோடியே 60 லட்சம் பிளேக் தடுப்பூசி வேளைகள் போயின. சாவை அது 50 முதல் 85 சதவீதம் வரை குறைத்ததாக ஆய்வுகள் காட்டின. 1925-இல் பரேல் ஆய்வகத்துக்கு ஹாஃப்கின் பெயரை வைத்தார்கள். 1930-இல் அவர் லொசானில் இறந்தார்.

மாற வேண்டியவை, மாறியவை

இன்று இதே நிகழ்வு என் மேசைக்கு வந்தால், முதலில் மருந்து செய்த இடத்துக்குப் போக மாட்டேன். ஊசி போட்ட இடத்திலிருந்து பின்னோக்கி நடப்பேன். கடைசியாகத் தொட்டது யார், எதனால் தொட்டார், அது எதன் மேல் பட்டது. ஒரே புட்டியில் மட்டும் பாதிப்பு என்றால் திறந்த இடத்தை முதலில் பார்க்க வேண்டும். ஒரே தொகுதியின் பல புட்டிகளில் பல ஊர்களில் பாதிப்பு என்றால் தயாரித்த இடம். இந்தப் பிரிவு இன்று தடுப்பூசிக்குப் பிந்தைய பாதகங்களை ஆராயும் கையேடுகளில் உண்டு.

பாதுகாப்புப் படி ஒன்றை நீக்கும்போது, அது எந்த ஆபத்துக்காக வைக்கப்பட்டது என்பதை எழுதி, அந்த ஆபத்து இனி யார் கையில் போகிறது என்பதையும் எழுதி, அந்தக் கைக்கு அனுப்ப வேண்டும். ஹாஃப்கின் நிகழ்வில் எனக்குள்ள ஒரே குறை இதுதான்.

பல வேளை மருந்து அடங்கிய புட்டிகளுக்குப் பதனப்பொருள் (கார்பாலிக் போலக் கிருமி பெருகாமல் தடுப்பது) ஏன் வேண்டும் என்பது இன்னொரு இடத்தில் மிகக் கசப்பாக நிரூபணமானது. 1928 ஜனவரி 27 அன்று ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க்கில் தொண்டை அடைப்பான் தடுப்பு மருந்து போட்ட 21 குழந்தைகளில் 12 குழந்தைகள் இறந்தன. பதனப்பொருள் சேர்க்காத பல வேளைப் புட்டி. அதே புட்டியை முன்னரும் சில நாட்கள் திறந்து பயன்படுத்தியிருந்தார்கள். அங்கே ஜனவரி வெயில் காலம். உள்ளே ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி பெருகியிருந்தது. அங்கே விசாரித்தவர்கள் ஊசி போட்ட இடத்தையும் புட்டியையும் சேர்த்தே பார்த்தார்கள். பல வேளைப் புட்டியில் பதனப்பொருள் இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று பரிந்துரைத்தார்கள். திறந்த புட்டியில் நாட்கள் கழிய விட்டால் பதனப்பொருள் உயிர் காக்கும். திறந்த அன்றே வித்து விழுந்தால் அது காக்காது, சுடர்தான் காக்கும்.

இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போடும் செவிலியர் குப்பியைத் திறந்ததும் முதல் வேலையாகப் பேனாவை எடுத்து அதன் மேல் தேதியும் நேரமும் எழுதுவார். பதனப்பொருள் உள்ள குப்பி என்றால், சரியான குளிரில் வைத்தால், 28 நாள் வரை. தட்டம்மை, பி.சி.ஜி. போலப் பதனப்பொருள் இல்லாதது என்றால் நான்கு மணி நேரம். அப்புறம் பாதி மருந்து மிச்சமிருந்தாலும் குப்பை.